மூன்றாம் பக்கத்துக்கு வழிந்த பாட்டு: எந்த இடைவெளியைக் குறைப்பது?

கொயருக்காக நான்கு குரலில் எழுதிய பாட்டு ஒன்று. மேல் ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரிசையில்) சோப்ரானோவும் ஆல்ட்டோவும், கீழ் ஸ்டாஃபில் டெனரும் பாஸும், நடுவில் தமிழ் வரிகள். இரண்டு பக்கத்தில் முடிய வேண்டியது. மென்பொருளோ இரண்டு பக்கத்தையும் நிரப்பிவிட்டு, மூன்றாம் பக்கத்தின் உச்சியில் மூன்று சிஸ்டத்தை (சேர்த்துப் படிக்க வேண்டிய ஸ்டாஃப் ஜோடி ஒரு சிஸ்டம்) மட்டும் வைத்துவிட்டது. அதற்குக் கீழே வெறும் தாள்.

இசைக் குறிப்புகளைத் தாளில் அமைக்க நோட்டேஷன் மென்பொருள் பயன்படுத்துகிற எல்லோருக்கும் இது தெரிந்த சங்கடம்தான். பாடுபவர்களுக்குப் பெரிய கஷ்டமில்லை. கையில் பிடித்த தாளைத் திருப்பிக்கொள்வார்கள். கீபோர்டு வாசிப்பவருக்குத்தான் கஷ்டம். இரண்டு பக்கம் என்றால் ஸ்டாண்டில் விரித்து வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது வந்துவிட்டால் பாட்டின் கடைசியில், எல்லோரும் உச்ச ஸ்தாயியில் இருக்கும்போது, ஒரு கையை எடுத்துப் பக்கம் திருப்ப வேண்டும்.

இதைச் சரிசெய்யக் குறைந்தது ஐந்து வழி இருக்கிறது. ஸ்டாஃபைச் சிறிதாக்கலாம். சிஸ்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் குறைக்கலாம். மார்ஜினைச் சுருக்கலாம். பாட்டு வரிகளின் எழுத்தை மாற்றலாம். ஸ்கோரின் (எல்லாக் குரலும் சேர்ந்த தாளின்) அமைப்பையே மாற்றலாம். பெரும்பாலானோர் முதல் இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பார்கள், ஏனென்றால் அவைதான் மெனுவில் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. என் கணக்கில் அவை இரண்டும் கடைசியில் தொட வேண்டியவை. ஏன் என்று ஒரே பாட்டை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு

பாட்டு 40 பார் (செங்குத்துக் கோடுகளால் பிரிந்த தாளப் பகுதி ஒவ்வொன்றும் ஒரு பார்). தாள் ஏ4, அதாவது 210 × 297 மி.மீ. நான்கு பக்கமும் 15 மி.மீ. மார்ஜின் விட்டால் உயரத்தில் 267 மி.மீ. மிஞ்சும். முதல் பக்கத்தில் தலைப்புக்கும் இயற்றியவர் பெயருக்கும் 30 மி.மீ. போய், 237. ஸ்டாஃபின் உயரம் 7 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்டாஃபுக்கு நடுவில் ஒரு வரிப் பாட்டு உட்கார 13 மி.மீ. ஆக ஒரு சிஸ்டம் 27 மி.மீ. சிஸ்டத்துக்கும் சிஸ்டத்துக்கும் நடுவே 16 மி.மீ.

இந்த அளவில் முதல் பக்கத்தில் 5 சிஸ்டம், இரண்டாம் பக்கத்தில் 6. மொத்தம் 11. ஒரு சிஸ்டத்தில் 4 பார் வந்தால் 40 பாருக்கு 10 சிஸ்டம் போதும், சௌகரியமாக அடங்கிவிடும். ஒரு சிஸ்டத்தில் 3 பார்தான் வருகிறது என்றால் 14 சிஸ்டம் வேண்டும். 5, 6, மிச்சம் 3. மூன்றாம் பக்கத்தில் தொங்கும் மூன்று சிஸ்டம் இப்படித்தான் வருகிறது.

இப்போது ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

சிஸ்டம் இடைவெளியைக் குறைத்தால்

14 சிஸ்டத்தையும் இரண்டு பக்கத்தில் ஏற்ற, பக்கத்துக்கு 7 வேண்டும். முதல் பக்கத்தில் 7 சிஸ்டத்துக்கு ஸ்டாஃபும் வரிகளுமே 189 மி.மீ. எடுத்துக்கொள்ளும். மிச்சம் 48 மி.மீ. அதை ஆறு இடைவெளிக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் 8 மி.மீ.

இதில் சிக்கல் இடம் போதாததல்ல. ஒரு சிஸ்டத்துக்கு உள்ளே இருக்கிற இடைவெளி 13, இரண்டு சிஸ்டத்துக்கு நடுவே இருப்பது 8. அதாவது டெனர்-பாஸ் ஸ்டாஃபுக்கு அதன் ஜோடியைவிட அடுத்த சிஸ்டத்தின் சோப்ரானோ ஸ்டாஃப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒரு வரியை முடித்துவிட்டுக் கண் இடது ஓரத்துக்குத் திரும்பும்போது எதை எதோடு சேர்த்துப் படிப்பது என்று ஒரு நொடி தடுமாறும். ஒத்திகையில் "எங்க இருக்கோம்?" என்ற கேள்வி அதிகமாக எழுகிற தாள்களை எடுத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் இந்தக் கோளாறுதான். சிஸ்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, சிஸ்டத்துக்கு உள்ளே இருப்பதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு அதிகமாக இருக்க வேண்டும். மற்ற எந்த அளவையும் விட்டுக்கொடுக்கலாம், இதை மட்டும் விட முடியாது.

சிஸ்டத்துக்கு உள்ளே இருக்கிற 13-ஐக் குறைக்கலாமே என்றால், தமிழ் எழுத்து விடாது. ஆங்கில வரியில் மேலே நீட்டுவதும் கீழே தொங்குவதும் சில எழுத்துகள்தான். நமக்கு 'கீ', 'நீ' என்றால் மேலே சுழி, 'மூ', 'ழு', 'து' என்றால் கீழே வால், மெய்யெழுத்துக்குப் புள்ளி. ஆல்ட்டோவின் தாழ்ந்த ஸ்வரத்துக்கு ஸ்டாஃபுக்குக் கீழே ஒரு துணைக்கோடு வரும் இடத்தில் ஒரு 'நீ' வந்தால் சுழி போய் நோட்டில் இடிக்கும். மென்பொருள் மோதலைத் தவிர்க்கப் பார்த்து அந்த ஒரு சிஸ்டத்தின் வரிகளை மட்டும் கீழே தள்ளும், அதனால் கீழ் ஸ்டாஃபும் தள்ளிப் போகும். பக்கம் முழுக்க சமமாக இருந்த இடைவெளி ஒரே ஒரு எழுத்தால் குலையும்.

ஸ்டாஃபைச் சிறிதாக்கினால்

உயரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், முதல் பக்கத்தில் 7 சிஸ்டம் நிற்க 285 மி.மீ. தேவை, இருப்பது 237. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் 83 சதவீதத்துக்கு வர வேண்டும். 7 மி.மீ. ஸ்டாஃப் 5.8 ஆகிவிடும். உண்மையில் இவ்வளவு மோசமாகப் போகாது. சுருக்கும்போது அகலத்திலும் சுருங்குமே, அதனால் ஒரு சிஸ்டத்தில் இன்னொரு பார் ஏறி சிஸ்டங்களின் எண்ணிக்கையே குறையலாம். ஆனால் பாட்டு வரிகளும் கூடவே சுருங்கியிருக்கும். 7 மி.மீ.க்கு 11 பாயிண்டில் இருந்த எழுத்து 9-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கொயரில் வாசிப்புக் கண்ணாடி போட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு முடிவெடுங்கள்.

பொதுவாகச் சொல்வதானால், கையில் பிடித்துப் பாடுகிற தாளுக்கு 6.5 முதல் 7 மி.மீ. வரை பரவாயில்லை. ஸ்டாண்டில் வைத்து வாசிக்கிற பார்ட் (ஒரு வாத்தியத்துக்கு மட்டும் எடுத்த தாள்) என்றால் அது போதாது. ஆர்கெஸ்ட்ரா நூலகர்களின் அமைப்பான மோலா, வாத்தியக் கலைஞர்களின் பார்ட்டுக்கு 8 மி.மீ. ஒட்டிய அளவைத்தான் பரிந்துரைக்கிறது. வயலின்காரர்கள் இரண்டு பேர் ஒரு ஸ்டாண்டைப் பகிர்ந்துகொண்டு, வில்லுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்து வாசிப்பவர்கள் ஆயிற்றே. ஆகவே கொயர் தாளுக்குப் போட்ட அளவை அப்படியே வயலின் பார்ட்டுக்கும் விட்டுவிடாதீர்கள். ஸ்கோருக்கு ஓர் அளவு, பார்ட்டுக்கு வேறோர் அளவு என்று எல்லா மென்பொருளிலும் தனித்தனியாக வைக்க முடியும்.

இன்னொரு விஷயம். மியூஸ்ஸ்கோர் என்ற நோட்டேஷன் மென்பொருளில் இந்த அளவு பக்க அமைப்பில் 'ஸ்டாஃப் ஸ்பேஸ்' என்ற பெயரில் இருக்கும். அது முழு ஸ்டாஃபின் உயரமல்ல, இரண்டு கோட்டுக்கு நடுவில் உள்ள தூரம். ஐந்து கோட்டில் நான்கு இடைவெளி; எனவே 1.75 மி.மீ. என்று போட்டிருந்தால் ஸ்டாஃப் 7 மி.மீ. ஸ்டைல் பகுதியில் வருகிற மற்ற எல்லா தூரமும் இதையே அலகாகக் கொண்டவை. இந்த ஓர் எண்ணை மாற்றினால் மீதி எல்லாம் கூடவே மாறும். அதனால் மற்ற இடைவெளிகளையெல்லாம் பார்த்துப் பார்த்து அமைத்த பிறகு இதைத் தொடக்கூடாது. தொடுவதாக இருந்தால் முதலிலேயே தொட்டுவிட வேண்டும்.

மார்ஜின்

15-ஐ 10 ஆக்கினால் உயரத்தில் 10 மி.மீ., அகலத்தில் 10 மி.மீ. கிடைக்கும். நம் கணக்கில் முதல் பக்கத்தில் 6 சிஸ்டம் நிற்க 242 மி.மீ. வேண்டும், இருந்தது 237, இப்போது 247. ஆக முதல் பக்கத்தில் ஒரு சிஸ்டம் கூடுகிறது. மூன்றாம் பக்கத்தில் தொங்குவது மூன்றிலிருந்து இரண்டாகிறது. அவ்வளவுதான். வழிவது ஒரே ஒரு சிஸ்டமாக இருந்தால் மார்ஜின் காப்பாற்றும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். 10-க்குக் கீழேயும் போக வேண்டாம். வீட்டு பிரிண்டர்கள் ஓரத்தில் சில மி.மீ. அச்சடிக்காது, ஜெராக்ஸ் எடுக்கும்போது தாள் சற்றே சரிந்து போகும், ஃபைலில் போட ஓட்டை போடுவார்கள்.

பாட்டு வரிகள்

மூன்று பாராக உடைந்தது ஏன் என்று இதுவரை கேட்கவில்லை. அதைக் கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

தமிழ்ச் சீர்கள் (ஒரு நோட்டுக்குக் கீழே வரும் சொல் துண்டைத்தான் இங்கே சீர் என்கிறேன்) அகலமானவை. ஒரு கால் நோட்டின் கீழே ஆங்கிலத்தில் 'தி', 'ஆஃப்' போன்ற இரண்டு மூன்று குறுகிய எழுத்து வரும் இடத்தில், நமக்கு 'ஸ்தோத்', 'ணங்', 'ஞானம்' என்று நீளும். 'ணை', 'னை' போன்ற ஒற்றை எழுத்தே ஒரு சிறு சொல்லின் அகலம் எடுக்கும். பக்கத்துப் பக்கத்தில் வருகிற இரண்டு சீர்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, மென்பொருள் நோட்டுகளைத் தள்ளித் தள்ளி வைக்கிறது. அதாவது பாரின் அகலத்தைத் தீர்மானிப்பது நோட்டல்ல, எழுத்து. பார் அகலமானால் ஒரு சிஸ்டத்துக்குள் வரும் பார் குறைகிறது, சிஸ்டங்கள் கூடுகின்றன, பாட்டு பக்கம் தாண்டுகிறது. மேலும் கீழும் இடமில்லை என்று நாம் திண்டாடுகிற பிரச்சினையின் வேர் குறுக்குவாட்டில் இருக்கிறது.

இதிலேயே ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒரு சிஸ்டத்தின் அகலத்தில் சராசரியாக 3.6 பார் அடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரை நடுவில் உடைக்க முடியாது. எனவே மென்பொருள் 3 பாரை வைத்து, மிச்ச இடத்தை நோட்டுகளுக்கு நடுவே இழுத்து நிரப்பிவிடும். பார்ப்பதற்கு அந்த வரி நிறைந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் பாரின் அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துவிட்டால் நான்காவது பார் உள்ளே வந்துவிடும். 14 சிஸ்டம் 10 ஆகும். ஸ்டாஃபைத் தொடாமல், இடைவெளியைத் தொடாமல், பாட்டு இரண்டு பக்கத்தில் முடியும். போதாததற்கு, சிஸ்டங்களுக்கு நடுவே 16 மி.மீ.க்கு மேலேயே கிடைக்கும்.

அந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வரும்? வரிகளை 11 பாயிண்டிலிருந்து 10-க்கு இறக்கினால் ஏறக்குறைய அவ்வளவும் வந்துவிடும். இறக்க மனமில்லை என்றால் எழுத்துருவை மாற்றலாம். ஒரே பாயிண்ட் அளவில் தமிழ் எழுத்துருக்களின் அகலம் நிறையவே வேறுபடும். ஒரே வரியை நிர்மலா, லதா, நோட்டோ செரிஃப் தமிழ் ஆகிய மூன்றிலும் போட்டு, எது எவ்வளவு நீள்கிறது என்று கண்ணாலேயே பாருங்கள். சீர்களுக்கு நடுவே விட வேண்டிய குறைந்தபட்ச தூரம் என்று ஓர் அமைப்பு மியூஸ்ஸ்கோரில் ஸ்டைலின் லிரிக்ஸ் பகுதியில் இருக்கிறது. அதையும் கொஞ்சம் குறைக்கலாம். கொஞ்சம்தான். அளவுக்கு மீறினால் அடுத்தடுத்த சொற்கள் ஒட்டி, எங்கே மூச்சு எடுப்பது என்று தெரியாமல் போகும்.

எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுத்துப் போட இன்னொரு காரணமும் உண்டு. மியூஸ்ஸ்கோர் 4-இல் இயல்பாக வரும் எட்வின் எழுத்துருவில் தமிழ் கிடையாது. நீங்கள் தமிழில் தட்டும்போது, அந்தக் கணினியில் இருக்கிற ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை அது எடுத்துக்கொள்கிறது. உங்கள் கணினியில் ஒன்று, கொயர் மாஸ்டரின் மேக்கில் வேறொன்று. அகலம் மாறினால் பார் உடைகிற இடம் மாறும், பக்கம் மாறும். "நான் அனுப்பினது ரெண்டு பக்கம்தானே, உங்களுக்கு எப்படி மூணு வருது?" என்ற தொலைபேசிப் பேச்சின் மூலம் பெரும்பாலும் இதுதான். எழுத்துருவின் பெயரைக் குறிப்பிட்டுப் போடுங்கள், திருத்த வேண்டியவரிடமும் அதே எழுத்துரு இருக்கட்டும், பாடுபவர்களுக்கு பிடிஎஃப் மட்டும் போகட்டும்.

சரணங்களை என்ன செய்வது

மூன்று சரணம் இருந்தால் மூன்றையும் நோட்டுக்குக் கீழே அடுக்குவது ஒரு வழி. ஒவ்வொரு கூடுதல் வரியும் சிஸ்டத்துக்கு 5 மி.மீ. சேர்க்கும் என்றால், இரண்டு வரிக்கு 10 மி.மீ., பத்து சிஸ்டத்துக்கு 100 மி.மீ. மூன்றில் ஒரு பக்கத்துக்கு மேல் போய்விடும். இன்னொரு வழி, முதல் சரணத்தை மட்டும் நோட்டுக்குக் கீழே போட்டு, மற்றதைப் பாட்டின் முடிவில் இரண்டு பத்தியாக அச்சிடுவது. அதற்கு முப்பது மி.மீ. போதும்.

இடத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் லாபம். ஆனாலும் கீர்த்தனைகளுக்கு முதல் வழியையே நான் எடுப்பேன். நம் பாடல்களில் சரணத்துக்குச் சரணம் சீர்களின் எண்ணிக்கை மாறும். ஒரு சரணத்தில் ஒரு நோட்டுக்கு ஒரு சீர் என்றால் அடுத்ததில் அதே இடத்தில் இரண்டு சீர் வந்து நிற்கும். எந்த எழுத்து எந்த நோட்டுக்கு என்று காட்டாவிட்டால் நாற்பது பேரும் நாற்பது விதமாகப் பிரித்துக்கொள்வார்கள். மேற்கத்திய ஹிம் மெட்டுக்குப் பொருந்துகிற மாதிரி எண்ணிக்கை பார்த்து மொழிபெயர்த்த ஞானப்பாட்டு என்றால் கடைசியில் பத்தியாகப் போட்டாலே போதும்.

அடுக்கிப் போடும்போது வரிகளுக்கு நடுவில் உள்ள உயரத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் அளவு, மேல் வரியின் 'மூ' கீழ் வரியின் 'நீ'-யில் இடிக்கிற அளவாகத் தமிழுக்கு ஆகிவிடும்.

ஸ்கோர் அமைப்பை மாற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு குரலுக்கும் நான்கு ஸ்டாஃப் போட்டிருந்தீர்கள் என்றால், குரல்கள் ஒரே தாளத்தில் நகர்கிற பாட்டு அதுவாக இருக்கும்பட்சத்தில், அதை இரண்டு ஸ்டாஃபாக மடித்துவிடுங்கள். கிட்டத்தட்டப் பாதி உயரம் மிச்சமாகும். ஆண் குரல்கள் தனியாக வேறு சொற்களைப் பாடுகிற பாட்டை மட்டும் மடிக்காதீர்கள்.

எந்த மென்பொருளில் எப்படி

மேலே சொன்ன கணக்கு எல்லா மென்பொருளுக்கும் பொது. ஆனால் அந்தக் கணக்கை உங்களுக்கு எவ்வளவு காட்டுகின்றன, எவ்வளவு மறைக்கின்றன என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

லில்லிபாண்டை முதலில் சொல்கிறேன், அதைப் பயன்படுத்தாதவர்களும் அதன் சிந்தனையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1996-இல் நெதர்லாந்தில் தொடங்கிய இலவச மென்பொருள். திரையில் நோட்டைக் கிளிக் செய்து வைக்கிற வேலை கிடையாது. எல்லாவற்றையும் உரையாக எழுதி, ஓட்டி, பிடிஎஃப் எடுக்க வேண்டும். இரண்டு சிஸ்டத்துக்கு நடுவே உள்ள இடைவெளியை அது ஒரே எண்ணாகப் பார்ப்பதில்லை, ஒரு ஸ்பிரிங் மாதிரி பார்க்கிறது. நான்கு மதிப்பு கொடுக்கலாம்: இயல்பான தூரம், இதற்குக் கீழே போகாதே என்ற தூரம், இரண்டு சிஸ்டத்தின் சரக்குகள் ஒன்றை ஒன்று தொடாமல் இருக்க விட வேண்டிய குறைந்தபட்ச வெளி, மிச்ச இடம் இருந்தால் எவ்வளவு தாராளமாக விரியலாம் என்ற அளவு. மற்ற மென்பொருள்களிலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய இதுவே. அவற்றில் அது பல டயலாக் பெட்டிகளில் சிதறிக் கிடக்கும். இங்கே ஒரே இடத்தில் இருக்கிறது.

நம் பிரச்சினைக்கு லில்லிபாண்டில் இன்னும் நேரடியான பதில் உண்டு. மொத்தப் பக்கம் 2 என்று ஒரு வரி எழுதினால், அது பார் உடைகிற இடங்களையும் பக்கங்களையும் சேர்த்தே ஆராய்ந்து, இரண்டு பக்கத்தில் அடக்கப் பார்க்கும். சிஸ்டம் மொத்தம் 10 என்றும் சொல்லலாம். எந்த இடைவெளி எவ்வளவு என்று பக்கத்தின் மேலேயே அளவு குறித்துக் காட்டுகிற வசதியும் இருக்கிறது. ஒரே மாதிரி அமைப்பில் முந்நூறு பாட்டு அச்சிடப் போகிறீர்கள், ஒரு முழுப் பாட்டுப் புத்தகம் என்றால், இதைக் கற்றுக்கொள்ள ஆகும் சிரமம் திரும்ப வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றால் வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மியூஸ்ஸ்கோர். இதுவும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். 2021-இல் வந்த 3.6 பதிப்பில் செங்குத்து ஜஸ்டிஃபிகேஷன் சேர்ந்தது. 2022 டிசம்பரில் வந்த 4-ஆம் பதிப்பு பக்க அமைப்பை மேலும் ஒழுங்காக்கியது. ஸ்டைலில் பக்கம் என்ற பகுதிக்குப் போனால், அந்த ஜஸ்டிஃபிகேஷனுக்கு ஒரு டிக் பெட்டி இருக்கும். டிக் இருந்தால், பக்கத்தில் மிஞ்சும் இடத்தை சிஸ்டங்களுக்கு நடுவிலும் ஸ்டாஃப்களுக்கு நடுவிலும் அது பங்கிட்டு, கடைசி சிஸ்டத்தைக் கீழ் மார்ஜின் வரை இறக்கும். எதற்கு எவ்வளவு பங்கு என்பதற்குத் தனித்தனிப் பெருக்கெண்கள் உண்டு. சிஸ்டத்துக்கான எண்ணை ஸ்டாஃபுக்கான எண்ணைவிடக் கூட்டியே வையுங்கள். மேலே சொன்ன தடுமாற்றம் அப்போதுதான் வராது.

டிக் எடுத்துவிட்டால் சிஸ்டங்களுக்கான குறைந்தபட்ச தூரமும் அதிகபட்ச தூரமும் மட்டும் செல்லும். பலர் இந்த டிக் இருப்பது தெரியாமலேயே குறைந்தபட்ச தூரத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பக்கம் அசையவே அசையாது. மிஞ்சிய இடத்தைத்தான் ஜஸ்டிஃபிகேஷன் திரும்ப நிரப்பிவிடுகிறதே! நான் செய்வது இப்படி: வேலை நடக்கும்போது டிக்கை எடுத்துவிடுவேன், ஒவ்வொரு பக்கத்திலும் உண்மையில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அப்போது தெரியும். எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகுமுன் டிக்கைத் திரும்பப் போடுவேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நெருக்கடி என்றால் லேஅவுட் பேலட்டிலிருந்து ஸ்பேசரை எடுத்து அந்த பாரில் வைக்கலாம். சாதாரண ஸ்பேசர் கூடுதல் இடம் விடும். ஃபிக்ஸட் ஸ்பேசர் இவ்வளவுதான் இடைவெளி என்று கட்டிப் போடும். பயனுள்ளவைதான். ஆனால் பத்து சிஸ்டத்தில் ஏழுக்கு ஸ்பேசர் வைத்த ஸ்கோர் எனக்கு வந்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஸ்டைலில் ஒரே எண்ணை மாற்றுவதுதான் முதல் வேலை. சிஸ்டம் எங்கே உடைய வேண்டும் என்று நாமே சொல்ல, பாரைத் தேர்ந்து எண்டர் தட்டினால் போதும். 4.5-இல் வந்த சிஸ்டம் லாக் அதைவிட நல்லது: இந்த பார்கள் இந்த வரியில்தான் என்று பூட்டிவிடலாம், வேறெங்கோ ஒரு நோட்டைத் திருத்தினாலும் அது குலையாது.

சிபேலியஸில் கைவேலை சுகம். ஸ்டாஃபைப் பிடித்து இழுத்தால் நகரும், கண் எதிரிலேயே பக்கம் மாறும். மோதல் இருக்கிற இடங்களை மட்டும் பார்த்து இடைவெளியைத் தானே அமைக்கிற பொத்தானும் உண்டு. இந்தச் சுகத்திலேயே அபாயமும் இருக்கிறது. இழுத்தது எது, மென்பொருள் வைத்தது எது என்று பிறகு அடையாளம் தெரியாது. ஒரு பார் சேர்த்ததும் பழைய இழுப்புகள் பொருந்தாமல் நிற்கும். பார்ட்டுகளில் பக்கம் எங்கே திரும்ப வேண்டும் என்று ஓய்வு பார்களைப் பார்த்து உடைக்கிற வசதி இதில் நெடுநாளாக இருக்கிறது, அது உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்தும். நீங்கள் வேலை செய்கிற ஸ்டுடியோவும் அரேஞ்சரும் சிபேலியஸில் இருந்தால் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை, நீங்களும் அதிலேயே இருங்கள். அப்படி இல்லாமல் புதிதாகப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால் டோரிகோவையும் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

டோரிகோவை 2016-இல் ஸ்டெயின்பர்க் வெளியிட்டது. சிபேலியஸின் லண்டன் அணியில் 2012 வரை இருந்தவர்கள் சேர்ந்து உருவாக்கியது. நோட்டு எழுதுவதும் பக்கம் அமைப்பதும் இதில் வெவ்வேறு அறைகள் மாதிரி. எழுதும்போது பக்க அமைப்பைக் கைதவறிக் குலைக்க முடியாது. ஸ்டாஃபுக்கு ஸ்டாஃப், பியானோவின் இரு ஸ்டாஃப், சிஸ்டத்துக்கு சிஸ்டம் என்று ஒவ்வொரு இடைவெளிக்கும் 'விரும்பும் தூரம்' தனியாகக் கொடுக்கலாம். பக்கம் இத்தனை சதவீதம் நிறைந்திருந்தால் மட்டும் விரித்து நிரப்பு என்று வரம்பு வைக்கலாம். அதாவது கடைசிப் பக்கத்தில் மூன்றே சிஸ்டம் இருந்தால் அவற்றைப் பக்கம் முழுக்க அசிங்கமாகப் பரப்பாது. அமைக்கிற அறையில் ஒவ்வொரு பக்கமும் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று ஓரத்தில் எண்ணாகவே காட்டும். எந்தப் பக்கம் பிதுங்குகிறது, எதில் இடம் இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. நாம் இங்கே கையால் போட்ட கணக்கில் பாதியை அது போட்டுத் தருகிறது. ஆனால் அந்த அறையின் முழு வசதியும் விலை கூடிய ப்ரோ பதிப்பில்தான். முழு ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரும் இருபது முப்பது பார்ட்டும் எடுப்பவருக்குத் தகும். ஒரு கொயர் தாளுக்கு இது கொஞ்சம் அதிகம்.

ஃபினாலே தேர்வில் இல்லை. 1988 முதல் இருந்த அந்த மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக மேக்மியூசிக் 2024 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. பழைய ஃபினாலே கோப்புகள் உங்களிடம் இருந்தால், அது ஓடுகிற கணினி இருக்கும்போதே எல்லாவற்றையும் மியூசிக்எக்ஸ்எம்எல்-ஆகவும் பிடிஎஃப்-ஆகவும் எடுத்து வைத்துவிடுங்கள். மியூசிக்எக்ஸ்எம்எல் நோட்டுகளைப் பத்திரமாகக் கொண்டுவரும். பக்க அமைப்பை அப்படியே கொண்டுவரும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு மென்பொருளும் அதைத் தன் போக்கில் புரிந்துகொள்ளும். பிடிஎஃப் எதற்கு என்றால், பழைய பக்கம் எப்படி இருந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க. பழைய கோப்பில் வரிகள் பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் இருந்தால், புதிய மென்பொருளில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து விழும். எழுத்துருவைத் திரும்பப் பாமினி ஆக்கினால் அப்போதைக்குப் படிக்க வரும். ஆனால் அகலக் கணக்கெல்லாம் மறுபடி போட வேண்டியிருப்பதால், அந்தச் சமயத்திலேயே யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது.

நான் போகிற வரிசை

நம் 40 பார் பாட்டை மியூஸ்ஸ்கோரில் வைத்து இப்படிச் செய்வேன். தாள் ஏ4, ஸ்டாஃப் 7 மி.மீ., இதை முதலில் தீர்த்துவிட்டு, வேறு வழியே இல்லாமல் போகிறவரை திரும்பிப் பார்ப்பதில்லை. ஜஸ்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, தமிழ் எழுத்துருவைப் பெயர் சொல்லிப் போட்டு, 10 பாயிண்டில் வரிக்கு நான்கு பார் வருகிறதா என்று பார்ப்பேன். ஓரிரு சிஸ்டம் மட்டும் முரண்டு பிடித்தால், அங்கே நீளமான சீர் எது என்று தேடிப் பிரிப்பை மாற்றுவேன். 'ஸ்தோத்-திரம்' என்று இருப்பதை 'ஸ்தோத்-தி-ரம்' ஆக்க நோட்டு இடம் கொடுத்தால் நெருக்கம் தளரும். அப்புறம்தான் உடைவுகளைப் பூட்டுவது. பாட்டின் அடி எங்கே முடிகிறதோ அங்கே சிஸ்டம் முடிந்தால் பாடுபவருக்கு நல்லது. மூச்சும் கண்ணும் ஒரே இடத்தில் திரும்பும். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சிஸ்டம் வழிந்தால் மார்ஜின். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டாஃபை 6.7 வரை இறக்குவேன். அதற்கும் அடங்காத பாட்டை நான்கு பக்கமாக விரித்து, கீபோர்டுக்கு ஓய்வு இருக்கிற இடமாகப் பார்த்துப் பக்கம் திரும்ப வைப்பேன். மூன்று பக்கத்துக்கு நெருக்கி அச்சிட்டு, மூன்றாவதைச் செல்லோடேப் போட்டு ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

புத்தகமாகத் தைப்பதாக இருந்தால் இரண்டு பக்கப் பாட்டு இடது பக்கத்தில், அதாவது இரட்டைப்படை எண் பக்கத்தில் தொடங்க வேண்டும். வலப்பக்கத்தில் தொடங்கினால் இவ்வளவு பாடுபட்டு இரண்டு பக்கத்தில் அடக்கியும் நடுவில் தாள் திருப்ப வேண்டிவரும். தேவைப்பட்டால் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டாலும் பரவாயில்லை.

கடைசியாக அச்சு. கோப்பின் தாள் அளவு ஏ4-தானா என்று பாருங்கள். அமெரிக்க அமைப்பில் தொடங்கிய ஸ்கோர்கள் லெட்டர் அளவில், 216 × 279 மி.மீ.-இல் இருக்கும். அதை ஏ4-இல் அச்சடிக்கும்போது அகலம் அடங்குவதற்காக 97 சதவீதமாகச் சுருங்கும், உயரத்தில் இடம் வீணாகும். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் கொடுக்கும்போது தாளுக்கு ஏற்றபடி சுருக்கும் தேர்வை எடுத்துவிட்டு, நூறு சதவீதத்தில் அடிக்கச் சொல்லுங்கள். முதல் தாள் வந்ததும் ஒரு ஸ்கேலை ஸ்டாஃபின் மேல் வைத்துப் பாருங்கள். 7 மி.மீ. இருந்தால் மீதி நாற்பது பிரதியும் எடுக்கலாம்.